அப்பாவின் கிளிப்பச்சை சைக்கிள்

பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டால் சிவகாசி அச்சகங்களில் கொஞ்சம் அமைதி திரும்பும். ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாவதில் தொடங்கி, மார்கழிக் கடைசி வரை ராத்திரி பகலாக ஓடிய மெஷின்கள் சற்று ஓய்வெடுக்கும் நாட்கள் அவை. தாயில்பட்டியிலிருந்து தினமும் சிவகாசிக்குப் போய்வரும் அந்த ஆஃப்செட் மெஷின்மேனுக்கும் அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை முழுதாகக் கையில் கிடைக்கும். வயது 48. மனைவி, பதினோராம் வகுப்பு படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய அம்மா. அப்பா காலமாகி 9 வருடங்கள் ஆகின்றன.

அப்படி ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமையில்தான், கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் சுவரோடு சாய்ந்து கிடந்த அப்பாவின் சைக்கிளை அவர் வெளியே இழுத்தார்.

'இழுத்தார்' என்பதுதான் சரி. உருட்ட முடியவில்லை. டயர்கள் இரண்டும் வெடித்து ரிம்மோடு ஒட்டிப்போயிருந்தன. செயின் துருவேறி இரும்புக் கயிறு மாதிரி விறைத்திருந்தது. சீட்டின் ரெக்சினை எலி கடித்திருந்தது. கேரியரில் மட்டும் அப்பா கட்டிவைத்த பழைய டியூப் ரப்பர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் மேலாக, சைக்கிள் பச்சையாக இருந்தது. சாதாரணப் பச்சை அல்ல, கிளிப்பச்சை. வீட்டுக் கதவுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட். பிரஷ் இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன.

அந்தப் பச்சைமேல் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கோபம் உண்டு. அந்தக் காலத்தில் ஊரில் எல்லார் வீட்டுச் சைக்கிளும் கருப்பு. அதுதான் சைக்கிளின் நிறம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு அவர் வந்தால், "டேய், கிளி வருதுடா!" என்று பையன்கள் கத்துவார்கள். கொஞ்ச நாளில் பெயரே 'கிளி' ஆகிவிட்டது. வீட்டு வாசல் கதவும் அதே கிளிப்பச்சை. கதவுக்கு அடித்த மிச்சப் பெயிண்டை வீணாக்க மனசில்லாமல் அப்பா சைக்கிளுக்கு அடித்துவிட்டார் என்று அவர் முடிவு செய்திருந்தார். ஒரு தீக்குச்சியைக்கூட வீணாக்காத மனிதர் அப்பா. அதனால் அதில் சந்தேகமே வரவில்லை.

சைக்கிளைச் சரிசெய்யும் எண்ணம் வந்தது ஒரு வீடியோவால். இங்கிலாந்தில் யாரோ ஒருவர் பழைய ராலே சைக்கிளை அக்கு அக்காகக் கழற்றி, துரு நீக்கி, கண்ணாடி போல மின்னும் கருப்பு அடித்து, அதன்மேல் மயிரிழை போலத் தங்கக் கோடு இழுக்கிறார். மதிய உணவு இடைவேளையில் செல்போனில் அதைப் பார்த்தவர், மறுபடியும் இரண்டு முறை பார்த்தார். பச்சை உரிந்த இடங்களில் அப்பாவின் சைக்கிளிலும் கருப்பு தெரியும். அந்தக் கருப்பின்மேல் எங்கோ ஒரு தங்கக் கோட்டின் துணுக்கும் உண்டு.

'அப்பா வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே கொண்டு வந்திரணும்' என்று முடிவு செய்தார்.

அது ஹெர்குலஸ் சைக்கிள். கல்யாணத்துக்கு முந்தைய வருடம், 1970களில், சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் அப்பா வாங்கியது. ஹெர்குலஸ் பிறந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபின், சென்னையை அடுத்த அம்பத்தூரிலேயே அந்தச் சைக்கிள்கள் தயாராயின. நம் வீடுகளின் பழைய ஹெர்குலஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களில் பல அங்கிருந்து வந்தவைதான்.

இந்த வகைச் சைக்கிளை வடிவமைத்தவர்கள் வேகத்தைப் பற்றி யோசிக்கவில்லை. மோசமான சாலையையும் பாரத்தையும்தான் யோசித்தார்கள். 28 அங்குலப் பெரிய சக்கரம் குழியில் இறங்கி ஏறுவது தெரியாது. முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. ஓட்டுகிறவரின் எடையும் கேரியர் சுமையும் பெரும்பாலும் பின்னால்தான் விழும் என்பதால் அந்தக் கூடுதல் 8 கம்பிகள். பிரேக்குக்கு ஒயர் கிடையாது, இரும்புக் கம்பிகள்தான். அறுந்துபோக எதுவும் இல்லை. கரிசல் காட்டுப் பாதையில் ஒரு மூட்டை பருத்தியோடும், பாரில் ஒரு பிள்ளையோடும், பின்னால் மனைவியோடும் போவதற்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இருந்ததில்லை.

ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு இப்போது வயது எழுபதுக்கு மேல். கடையில் இப்போது மொபெட்டும் பைக்கும்தான் பஞ்சருக்கு வருகின்றன. சைக்கிளைப் பார்த்ததும் மனிதர் எழுந்து வந்துவிட்டார்.

"ஏலே, இது ஒங்கப்பன் வண்டில்லா? இதுக்கு நான் எத்தனை தடவ ஓவராயில் பண்ணியிருப்பேன் தெரியுமா?"

"இன்னொரு தடவ பண்ணணும் அண்ணாச்சி. ஆனா நானே கழட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க, போதும்."

கழற்றும் வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. அண்ணாச்சி சொன்ன முதல் பாடம், "எதைக் கழட்டினாலும் முதல்ல போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோ. எங்க காலத்துல போன் இல்ல, புத்தி இருந்துச்சு" என்பதுதான்.

கிராங்க்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டார்கள். மறுநாள் கிராங்க்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, நட்டை முழுதாகக் கழற்றாமல் மரையின் விளிம்புவரை தளர்த்தி வைத்து, ஒரே அடி. நட்டு இருந்தால்தான் மரை நசுங்காது. முட்டுக் கொடுத்தால்தான் அடியின் வேகம் உள்ளே இருக்கும் பால்ரஸைத் தாக்காது. இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ் என்பதை அறியாமல் அவர் ஸ்பேனரில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அண்ணாச்சி அஞ்சு நிமிடம் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்.

துருவுக்குக் கடையில் திராவகம் வாங்கவில்லை. சின்னச் சின்ன நட்டு, போல்ட்டுகளையெல்லாம் மனைவி புளிக்கரைசலில் போட்டுவைத்தார். புளியின் அமிலம் துருவைத் தளர்த்திவிடும். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்கிற அதே வைத்தியம். ஹேண்டில்பாரின் நிக்கல் பூச்சில் இருந்த துருப்புள்ளிகளை, சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தாளை நனைத்துத் தேய்த்தே மகள் எடுத்துவிட்டாள்.

கம்பிகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளின் இடுக்கில், கிரீஸோடு கலந்து சாம்பல் நிறத்தில் ஏதோ மினுங்கியது. விரலால் தொட்டதும் வெள்ளியாக ஒட்டிக்கொண்டது. அது அலுமினியத் தூள் என்று அவருக்குத் தெரியும். பட்டாசு ஆலையில் மருந்து அறைப் பக்கம் வேலை செய்தவர்கள் வீட்டில் அது எல்லா இடத்திலும் இருக்கும். சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வரும்போது இமை முடிகூட வெள்ளியாக இருக்கும். மத்தாப்புக்கு வெளிச்சம் தருவதும் இந்தத் தூள்தான், கடையில் விற்கிற சில்வர் பெயிண்டில் மின்னுவதும் இதே தூள்தான். 9 வருடத்துக்குப் பிறகும் அப்பாவின் கையிலிருந்த தூள் அந்த மூட்டில் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு துடைத்தார்.

அடுத்தது பெயிண்ட்டை உரிக்கும் வேலை. இங்கே அவர் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். பழைய எனாமல் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயிண்ட்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் பறந்து மூச்சோடு உள்ளே போகும். அதனால் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர், மூக்குக்கு மாஸ்க், கீழே ஒரு பழைய பிளெக்ஸ் பேனர். தேய்த்த சேற்றை அதிலேயே வழித்து எடுத்துத் தனியாகக் கட்டிவைத்தார். மகளை அந்தப் பக்கமே வர விடவில்லை.

முன் ஃபோர்க் முடிந்தது. ஹேண்டில்பார் நிற்கும் கழுத்து முடிந்தது. பாரில் பாதி வந்தாயிற்று. பச்சைக்கு அடியில் கருப்பு, கருப்புக்கு அடியில் வெறும் இரும்பு. கருப்பில் தென்பட்ட தங்கக் கோடுகளின் அகலத்தை அளந்து குறித்துக்கொண்டார். கழுத்தில் இருந்த பழைய லேபிளைப் படம் பிடித்து, தெரியாத எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, தங்க நிறத்தில் நாலு ஸ்டிக்கர்கூட அச்சடித்து வைத்துவிட்டார். தீப்பெட்டி லேபிளில் தொடங்கிய ஊர்க்காரருக்கு ஒரு சைக்கிள் லேபிள் பெரிய காரியமா?

அம்மா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வாரம் எதுவும் பேசவில்லை. மூன்றாவது ஞாயிறு, காபி டம்ளரை வாங்க வந்தவர் நின்றார்.

"ஏய்யா, பச்சையை எல்லாம் எடுத்துருவியா?"

"ஆமாம்மா. அடியில கருப்பு இருக்கு பாருங்க. அதுதான் ஒரிஜினல்."

"ஓ…" என்றார் அம்மா. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரி, பசியில்லை என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். வயசானவர்களுக்கு ஒரு நாள் பசிக்கும், ஒரு நாள் பசிக்காது என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தார். கொல்லையில், கழற்றிப்போட்ட மட்கார்டின் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். உரிந்த பச்சைச் சில்லு ஒன்று உள்ளங்கையில் இருந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லய்யா. இந்தப் பச்சையை ஒங்கப்பா ஏன் அடிச்சாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"கதவுக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சு. அதான…"

அம்மா தலையை ஆட்டினார். "கதவுக்குத்தான் மிச்சம் அடிச்சது. வாங்கினது சைக்கிளுக்கு."

அவர் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ நாலாவது படிச்ச. அன்னிக்கு நான் வீட்டுல தீப்பெட்டி ஒட்டிட்டு இருந்தேன். மதியம் போல ஒரு சத்தம். பாத்திரமெல்லாம் ஆடிருச்சு. எந்தப் பக்கம்னு தெரியல. வெளிய வந்து பார்த்தா, ஒங்கப்பா வேலை பாக்குற ஆலைப் பக்கம் புகை. கையில பசையைக்கூடக் கழுவல. தெருப் பொம்பளைக எல்லாரும் ஓடுறோம். போனா கேட்டை அடைச்சிட்டாங்க. யாரையும் உள்ள விடல. யாரு உள்ள இருக்கா, யாரு வெளிய வந்துட்டான்னு சொல்ல ஆளு இல்ல."

"கேட்டுக்கு வெளிய வேப்ப மரத்தடியிலதான் சைக்கிளெல்லாம் நிப்பாட்டுவாக. வண்டி நின்னா ஆளு உள்ள இருக்காருன்னு அர்த்தம். இல்லன்னா வெளிய போயிட்டாருன்னு அர்த்தம். எங்களுக்கு இருந்த சேதி அது ஒண்ணுதான். நான் போய்ப் பாக்குறேன். வரிசையா நிக்குது. எல்லாம் கருப்பு. எல்லாம் ஒரே மாதிரி. அவுக வண்டி நிக்குதா இல்லையான்னு எனக்கு அடையாளம் தெரியலய்யா. பத்து வருசமா அந்த வண்டியில ஏறிப் போயிருக்கேன். அன்னிக்கு எனக்குத் தெரியல."

அம்மா பச்சைச் சில்லைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒவ்வொரு வண்டி சீட்டா தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒரு வண்டி அவுக வண்டி மாதிரியே இருந்துச்சு. அதைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துட்டேன். எம்புட்டு நேரம்னு தெரியல. பொழுது சாயுறப்போ பின்னால, 'ஏய், என்ன இங்க உக்காந்திருக்க'ன்னு சத்தம். திரும்பிப் பார்த்தா ஒங்கப்பா. காலையிலயே அவுகளைப் பேப்பர் எடுத்தாரச் சொல்லி சிவகாசிக்கு அனுப்பியிருக்காக. வண்டியோட நிக்கிறாரு."

"அப்ப நீங்க பிடிச்சிட்டு இருந்த வண்டி?"

"அதை அடுத்த வாரம் அந்த வண்டிக்காரரோட தம்பி வந்துதான் உருட்டிட்டுப் போனாரு."

கொஞ்ச நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை.

"அதுக்கப்புறம் வந்த ஞாயித்துக்கிழமை பெயிண்ட் டப்பாவோட வந்தாரு. கடைக்காரர்கிட்ட, 'ரொம்பத் தூரத்துல இருந்து பார்த்தாலும் எது தெரியும்'னு கேட்டு வாங்கினாராம். அடிச்சு முடிச்சுட்டு, 'இனிமே ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாக்க வேணாம், தெருமுனையில வரும்போதே நான்தான்னு ஒனக்குத் தெரியும்'னாரு. அன்னையில இருந்து சாயங்காலம் ஆனா திண்ணையில உக்காந்திருவேன். அந்தா அங்க, புளியமரம் தாண்டி ஒரு பச்சைப் பொட்டு தெரியும். தெரிஞ்சப்புறம்தான் அடுப்பைப் பத்தவைப்பேன்."

இதை ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். "அந்த நாளைப் பத்திப் பேசக் கூடாதுன்னு ஒங்கப்பா சொல்லிட்டாரு" என்றார் அம்மா. "பிள்ளைக பயந்துருவாகன்னு."

பட்டாசு ஆலைகளின் வாசல் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. தீப்பெட்டி, பீடியோடு இப்போது செல்போனும் உள்ளே போகக் கூடாது. அது பாதுகாப்புக்காக. ஆனால் சத்தம் கேட்டு ஓடிவருகிறவர்களுக்கு, போன் அடித்துக் கேட்க வழியில்லை. வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துத்தான் இப்போதும் சேதி தெரிந்துகொள்கிறார்கள்.

அன்று அவர் வேலைக்குத் தாமதமாகத்தான் போனார். மெஷினில் தாள் ஓடிக்கொண்டிருந்தது. நீலமும் மஞ்சளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பச்சையாகிக்கொண்டிருந்தன. வருடக்கணக்காகப் பார்த்த காட்சிதான். 'ரொம்பத் தூரத்துல இருந்து எது தெரியும்' என்று கேட்ட மனிதருக்குக் கடைக்காரர் கொடுத்தது தப்பான பதில் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. மனிதக் கண்ணுக்குப் பகல் வெளிச்சத்தில் மிக எளிதில் புலப்படுவது மஞ்சள் கலந்த பச்சைதான். ஒளியின் அலைநீளக் கணக்கில் சுமார் 555 நானோமீட்டர். பொழுது சாயச் சாயக் கண்ணின் கூர்மை இன்னும் கொஞ்சம் நீலப் பக்கம் நகரும். அப்போதும் சிவப்புதான் முதலில் இருண்டுபோகும், பச்சை நிற்கும். ரோடு வேலை செய்கிறவர்கள் இன்று போடும் பளீர் மஞ்சள்பச்சைச் சட்டைக்கும் காரணம் அதுதான். இதெல்லாம் தெரியாமலே அப்பா சரியான டப்பாவை வாங்கி வந்திருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தங்க நிற ஸ்டிக்கர்களை மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டார்.

ஆனால் பாதிச் சைக்கிள் ஏற்கெனவே வெறும் இரும்பாகிவிட்டது. மீதிப் பாதியில் இருந்த பச்சையும் வெயிலில் வெளுத்த பச்சை. அப்பா அடித்த அன்று எப்படி இருந்திருக்கும்? அதைத் தேடியபோது பின் கேரியரைப் பிடித்திருந்த கிளிப்புக்கு அடியில் பதில் கிடைத்தது. வெயிலே படாத, விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. வாழைக்குருத்தைப் போலப் பளிச்சென்று இருந்தது.

அந்தப் பட்டைக்கு நிறம் பொருத்தியது தொழில் தெரிந்த கை. கடையில் மெஷினில் கலந்து கொடுத்த பெயிண்ட் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. அவருக்கு அந்தக் 'கிட்டத்தட்ட' போதவில்லை. மஞ்சளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, தகரத் துண்டுகளில் பூசிக் காயவைத்துப் பார்த்தார். ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் ஒரு நிறமும் தெரியும் என்பதால், காயாமல் முடிவு சொல்லக் கூடாது. டியூப்லைட்டில் ஒத்துப்போகிற இரண்டு நிறங்கள் வெயிலில் வேறுவேறாகத் தெரிவதும் உண்டு. அச்சகத்தில் இதனால் எத்தனையோ தாள்கள் வீணாகியிருக்கின்றன. அதனால் ஒவ்வொரு தகரத்தையும் வெயிலில், தெருவில் தள்ளி வைத்துப் பார்த்தார். ஏழாவது தகரத்தைப் பார்த்து அம்மா, "இதுதான்" என்றார்.

பிறகு நடந்தது பொறுமையான வேலை. வெறும் இரும்பு தெரிந்த இடங்களைத் தின்னரால் துடைத்து, அன்றே பிரைமர் அடித்தார். ஒரு நாள் விட்டாலும் கையின் வியர்வை பட்ட இடத்தில் துரு பூத்துவிடும். மிச்சம் இருந்த பழைய பச்சையை முழுதாக உரிக்கவில்லை. புதுப் பெயிண்ட் பிடிக்கும் அளவுக்கு மட்டும் வாட்டர் பேப்பரால் சொரசொரப்பாக்கி, பழையதும் வெறும் இரும்பும் சேரும் விளிம்பைக் கைக்குத் தட்டாதபடி இழைத்தார். பள்ளங்களுக்குப் பட்டி வைத்தார். மரை உள்ள இடங்களில் பெயிண்ட் போகாமல் டேப் ஒட்டினார். கேரியர் கிளிப்புக்கு அடியில் இருந்த அந்தப் பட்டைமேலும் டேப் ஒட்டினார்.

ஃப்ரேமைக் கொட்டகையின் விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, தூசி விழாமல் சுற்றிலும் பழைய கொசுவலையைக் கட்டினார்கள். எனாமலை ஒரேயடியாகத் தடிமனாக அடித்தால் வழிந்து கண்ணீர்க் கோடு விழும். மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. இரண்டாவது பூச்சுக்குப் பிறகு லேசாக வாட்டர் பேப்பர். காற்றில் ஈரம் இருந்தால் பெயிண்ட் காயவும் செய்யாது, பளபளப்பும் வராது. அந்தக் கவலை இந்த ஊரில் இல்லை. மழை குறைந்த, வறண்ட இந்த வெயிலை நம்பித்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வந்தன. குச்சியையும் திரியையும் காயவைக்கிற வெயில் சைக்கிளையும் காயவைத்தது. ஆனாலும் மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் பெயிண்ட் உள்ளே இறுக நாளாகும். இரண்டு வாரம் யாரும் தொடக் கூடாது என்று அண்ணாச்சி உத்தரவு போட்டார்.

திரும்ப மாட்டும்போது, பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 9 குண்டாகப் புதுப் பால்ரஸ், புதுக் காட்டர் பின், புது செயின். 28 அங்குல டயரும் கம்பிப் பிரேக்குக்கான கட்டையும் கிடைக்குமா என்று அவர் பயந்திருந்தார். சைக்கிள் கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுத்தார்கள். இந்தப் பழைய மாடலை நம் நாட்டில் இன்னும் செய்துகொண்டிருப்பதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டில் பழைய சைக்கிளைப் புதுப்பிக்கிறவர்கள்கூட இந்திய டயரைத்தான் தேடி வாங்குகிறார்கள். ரிம்மின் கோட்டத்தை மட்டும் அண்ணாச்சி தானே எடுத்தார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும், சுற்றுகிற ரிம்மின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தே எந்தக் கம்பியை முடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். வேலைக்குக் கூலி கொடுத்தபோது வாங்கவில்லை. "ஒங்கப்பன் வண்டிக்கு நான் வாங்கினதெல்லாம் போதும்" என்றார்.

சைக்கிள் பங்குனியில் தெருவுக்கு வந்தது. அப்பா அடித்ததைப்போல பிரஷ் கோடுகள் இல்லை. மற்றபடி அதே பச்சை.

பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் மகளிடம் இருக்கிறது. இருந்தாலும் டியூஷனுக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டு போவேன் என்று அடம்பிடித்தாள். தாவணி, சுடிதாருக்கு இந்த உயரப் பார் சரிப்படாது என்று அம்மா சொன்னதற்கு, "நான் பேண்ட் போட்டுக்கிறேன் அப்பத்தா" என்று முடித்துவிட்டாள். டியூஷனில் எல்லாரும் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்களாம். "செம கலருப்பா, எங்க கிடைச்சுது?" என்று கேட்டார்களாம். அவள் அதைச் சொல்லும்போது முன்னாள் 'கிளி' எதுவும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அம்மா மறுபடியும் திண்ணைக்கு வந்துவிடுகிறார். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. தெருமுனைப் புளியமரம் சாலை அகலப்படுத்தியதில் போய்விட்டது. ஆனாலும் பார்வை அந்த இடத்துக்குத்தான் போகிறது. உள்ளே மருமகள் தோசைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்:

"அத்தே, பிள்ளை வந்துட்டாளா? கல்லைப் போடவா?"

அம்மா உடனே பதில் சொல்வதில்லை. கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்க்கிறார். மினி பஸ் போகிறது. அதன் புழுதி அடங்குகிறது. அதற்குப் பின்னால் சின்னதாக ஒரு பச்சைப் பொட்டு தெரிகிறது.

"கல்லைப் போடு தாயி" என்கிறார்.